சாமியாரும் நூர்ஜஹானும்

துப்பறியும் கதைகளை வெறும் பொழுதுபோக்கென ஒதுக்குவோர் வடுவூர் துரைசாமி ஐயங்காரின் வாழ்வை அறிதல் நன்று. தஞ்சை மண்ணின் வடுவூரில் 1880ஆம் ஆண்டு பிறந்த அவர், அரசுப் பணியைத் துறந்து எழுத்தையே வாழ்வாகக் கொண்டார்.

அவரது ‘மேனகா’ நாவல் 1935இல் ராஜா சாண்டோவின் இயக்கத்தில் திரைப்படமாயிற்று. அந்நாவலில், வஞ்சகமாக விற்கப்பட்ட மேனகாவைத் தன் கணவனிடமிருந்தே காப்பவள் நூர்ஜஹான் என்னும் முஸ்லிம் பெண்.

ஐயங்கார் 1942இல் மறைந்தார். அவர் படைத்த துப்பறிவாளரான திகம்பர சாமியார் 1950இல்தான் மாடர்ன் தியேட்டர்ஸ் படத்தில் தோன்றினார். எம்.என். நம்பியார் பல வேடங்களில் புகழ்பெற்றார். அதைக் காணப் படைத்தவர் இல்லை.

தமிழரும் முஸ்லிம்களும் அருகருகே வாழும் திருகோணமலைத் துறைமுகப் பகுதியிலிருந்து நோக்கும் நமக்கு, சாமியாரின் மாறுவேடங்களினும் நூர்ஜஹானின் நீதியுணர்வே பெரிதாகத் தோன்றுகின்றது. பழைய கதைகளை மீண்டும் திரைக்குக் கொணர்வோர் அதனைக் கைவிடலாகாது என்பதே நமது வேண்டுகோள்.