பண்டிதர் பெற்ற மனநிறைவு

பிறர் தரும் மதிப்பை எதிர்நோக்கி நிற்பவன் உள்ளத்தில் அமைதி தங்குவதில்லை. இதனைத் தம் வாழ்வால் நமக்கு உணர்த்தியவர் அயோத்திதாசப் பண்டிதர்.

1845-இல் பிறந்த அவரது இயற்பெயர் காத்தவராயன். ஆசிரியர்பால் கொண்ட அன்பினால் அவர் பெயரையே தமதாக்கிக்கொண்டார். 1892-இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில், கோயில்களில் தம் மக்களுக்கும் இடம் வேண்டுமென்று கேட்டார், அவையோர் மறுத்தனர்.

பண்டிதர் சோர்ந்தாரில்லை. நாம் யார் என்று பழைய நூல்களில் ஆராய்ந்து, பூர்வ பௌத்தரே எனத் தெளிந்தார். 1898-இல் இலங்கை சென்று பஞ்சசீலம் ஏற்றார். சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907-இல் தொடங்கிய தமிழன் இதழை, 1914-இல் மறையும்வரை நடத்தினார்.

அடைத்த கதவின் முன்னே அவர் நின்றுகொண்டே இருந்திருப்பாராயின், நம் விகாரைக் கதவுகள் திறந்திரா. தம்மைத் தாமே அறிந்து ஏற்றலே இன்பத்தின் வாயில் என்பதை நாம் மறவாதிருப்போமாக.