தறியில் அமர்ந்த இறைநேசர்



நம் ஜெயமங்கலத்திலிருந்து கம்பம், குமுளி வழியாக மலையேறினால் பீர்மேடு வரும். அந்தப் பெயர் பீர் முஹம்மது அப்பா (ரஹ்) அவர்களால் வந்தது என்பார்கள். தென்காசியில் பிறந்த அந்த இறைநேசர், அம்மலையில் தனித்திருந்து வணக்கத்தில் ஈடுபட்டார்கள். பிறகு தக்கலையில் குடியேறினார்கள்.

ஞானப்புகழ்ச்சி முதலான தமிழ் நூல்களை இயற்றிய பெரும் ஞானி அவர்கள். ஆனால் அந்த ஞானத்தை விற்று வாழவில்லை. தறியில் அமர்ந்து துணி நெய்தே பிழைத்தார்கள். நெசவு லேசான வேலையா? கையும் காலும் கண்ணும் ஒன்றுசேர வேண்டும். பாவில் ஓர் இழை அறுந்தாலும் நிறுத்தி முடிய வேண்டும். கவனம் பிசகினால் துணியே காட்டிக்கொடுத்துவிடும்.

தாவூத் நபி (அலை) இரும்புக் கவசம் செய்தார்கள். ஜகரிய்யா நபி (அலை) தச்சு வேலை செய்தார்கள். அப்பா அவர்களும் அந்த வழியில்தான் நடந்தார்கள்.

நாமோ, மாப்பிள்ளை கொத்தனார், வெல்டர் என்றால் சம்பந்தம் பேசத் தயங்குகிறோம். வட்டிக்கடையில் நாற்காலி வேலை என்றால் தலையாட்டுகிறோம். அத்தா மெக்கானிக் என்று சொல்லப் பிள்ளை கூசுகிறது. அந்தக் கூச்சத்தை ஊட்டியது யார்? நாம்தானே!

ஆண்டுதோறும் ரஜப் மாதத்தில் தக்கலையில் இரவு முழுக்க ஞானப்புகழ்ச்சி ஓதுகிறார்கள். ஊரே ஒரு நெசவாளியைக் கொண்டாடுகிறது. உங்கள் பிள்ளையின் கையில் தொழில் இருந்தால் பெருமையோடு சொல்லுங்கள். உங்கள் வீட்டில் வேலை செய்தவருக்கு வியர்வை உலருமுன் கூலி கொடுங்கள்.

ஹலாலான உழைப்பில் அல்லாஹ் நமக்கு பரக்கத் செய்வானாக! ஆமீன்.