கடல் கடந்த விமானி கிங்ஸ்போர்டு ஸ்மித்

புகழ் ஒருவர் பெயரில் நிற்கும். அதனைத் தாங்கிய தோள்களோ பலவாக இருக்கும். ஆஸ்திரேலிய நாட்டின் புகழ்மிக்க விமானி சார்லஸ் கிங்ஸ்போர்டு ஸ்மித்தின் வாழ்க்கை இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகும். போர்விமானியாகத் தொடங்கி, பயணிகள் விமானத்தைச் செலுத்தும் தலைமை விமானியாகவும் விமான நிறுவனம் ஒன்றின் நிறுவனராகவும் உயர்ந்தவர் அவர். வாழ்ந்த காலம் 38 ஆண்டுகளே.

இளமையும் போர்க்களமும்

கிங்ஸ்போர்டு ஸ்மித் 1897ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் பிரிஸ்பேன் நகரில் பிறந்தார். 1907ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சிட்னியின் பாண்டை கடற்கரையில் நீராடிக்கொண்டிருந்த அச்சிறுவனை அலை உள்ளே இழுத்துச் சென்றது. உயிர்காப்புக் குழுவினர் கயிற்றின் துணையுடன் நீந்திச் சென்று அவனைக் கரைசேர்த்தனர். பின்னாளில் பெருங்கடல்களை வான்வழியே கடக்கவிருந்த உயிர், முன்பின் அறியாதவர் கைகளால் அன்று மீட்கப்பட்டது.

முதல் உலகப் போரில், 1915இல் படையில் சேர்ந்தார். கலிப்போலியிலும் பின்னர் பிரான்சிலும் பணியாற்றினார். மோட்டார் சைக்கிளில் செய்தி கொண்டு செல்லும் கடமையையும் ஆற்றினார். 1917இல் பிரித்தானிய வான்படைக்கு மாறிப் போர்விமானியானார். அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் பகைவர் குண்டுகள் அவருடைய விமானத்தைத் துளைத்தன. பாதத்தில் பட்ட காயத்தால் விரல்களை இழந்தார். அவருடைய வீரத்தைப் பாராட்டி மிலிட்டரி கிராஸ் பதக்கம் வழங்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 20.

படைத்தொழில் விட்டுப் பயணிகள் பணிக்கு

போர் முடிந்தது. 1919இல் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பறக்கும் போட்டி ஒன்று அறிவிக்கப்பட்டது. அதில் கலந்துகொள்ள ஸ்மித் விழைந்தார். ஆயினும் நெடுந்தொலைவு திசையறிந்து செலுத்தும் பட்டறிவு போதாது என்று அவருக்கு இசைவு மறுக்கப்பட்டது. விமானத்தைச் செலுத்துவது வேறு, வழியறிவது வேறு என்னும் பாடத்தை அவர் அன்று கற்றிருக்க வேண்டும்.

1921இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் நார்மன் பிரியர்லி என்பவர் தொடங்கிய விமான நிறுவனத்தின் முதல் விமானிகளுள் ஒருவராக ஸ்மித் சேர்ந்தார். ஜெரால்டனிலிருந்து டெர்பி வரை, இருப்புப்பாதை இல்லாத நெடிய கரையோரத்தில் அஞ்சலும் பயணியரும் ஏற்றிச் செல்லும் பணி அது. அச்சேவை தொடங்கிய முதல் நாளிலேயே ஒரு விமானம் வீழ்ந்து, விமானியும் இயந்திர வினைஞரும் உயிரிழந்தனர். போர்க்களத்தில் விமானி தன் உயிருக்கே அஞ்ச வேண்டும். இங்கோ நம்பி ஏறியவர் உயிரும் அவன் கையில் இருந்தது.

பசிபிக் பெருங்கடலைக் கடத்தல்

1928 மே 31ஆம் நாள் அமெரிக்காவின் ஓக்லாந்து நகரிலிருந்து சதர்ன் கிராஸ் என்னும் மூன்று இயந்திர விமானம் புறப்பட்டது. தென்னக வானில் ஒளிரும் விண்மீன் கூட்டத்தின் பெயர் அது. ஸ்மித்துடன் துணை விமானி சார்லஸ் உல்ம், திசை கணிக்கும் ஹாரி லயன், கம்பியில்லாத் தந்தியை இயக்கும் ஜேம்ஸ் வார்னர் ஆகிய மூவர் இருந்தனர். ஆலன் ஹான்காக் என்னும் அமெரிக்கச் செல்வர் பொருளுதவி புரிந்தார்.

பரந்த கடலில் ஹவாய் ஒரு சிறு புள்ளி. திசை சற்றே பிழைத்தாலும் தீவு கண்ணில் படாது. எரிபொருள் தீர்ந்தால் கடலே கதி. லயனின் கணிப்பும் வார்னர் கேட்டறிந்த தந்திக் குறிகளும் துணைநிற்க, 27 மணி நேரத்திற்குப் பின் ஹவாயில் இறங்கினர். அடுத்து, பிஜித் தீவின் சுவா நகர் வரை ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர். இடையில் இறங்க நிலமில்லை. 34 மணி நேரம் இடைவிடாது பறந்து, அங்கிருந்த விளையாட்டுத் திடலில் இறங்கினர். புயலும் மழையும் அலைக்கழித்த மூன்றாம் கட்டத்தையும் கடந்து, ஜூன் 9ஆம் நாள் பிரிஸ்பேனை அடைந்தனர். அமெரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பசிபிக்கை வான்வழியே கடந்த முதற்பயணம் இதுவே. மக்கள் பல்லாயிரவர் திரண்டு வரவேற்றனர்.

நண்பரின் இழப்பு

இப்பயணத்தைத் திட்டமிட்ட காலத்தில் உடனிருந்தவர் கீத் ஆண்டர்சன் என்னும் பழைய நண்பர். பயணத்தில் அவருக்கு இடம் கிட்டவில்லை. மனக்கசப்பு நீதிமன்றம் வரை சென்றது.

1929 மார்ச்சு இறுதியில் ஸ்மித்தும் துணைவரும் சதர்ன் கிராஸில் இங்கிலாந்து நோக்கிப் புறப்பட்டனர். தாம் தொடங்கவிருந்த நிறுவனத்திற்கு விமானங்கள் வாங்குவது நோக்கம். ஆஸ்திரேலியாவின் வடமேற்கு மூலையில், மோசமான வானிலையில் வழிதவறிச் சேற்றுநிலம் ஒன்றில் இறங்க நேர்ந்தது. நாடெங்கும் கவலை பரவியது. கசப்பை மறந்து தேடப் புறப்பட்டார் ஆண்டர்சன். உடன் சென்றவர் இயந்திர வினைஞர் பாப் ஹிட்ச்காக். அவர்களுடைய சிறு விமானம் தனாமிப் பாலைநிலத்தில் பழுதுபட்டு இறங்கியது. புதரை அகற்றி மீண்டும் எழ முயன்றும் இயலவில்லை. குடிநீரின்றி இருவரும் மாண்டனர்.

ஸ்மித்தின் குழுவினரோ ஏறத்தாழ 12 நாட்களுக்குப் பின் உயிருடன் கண்டறியப்பட்டனர். விளம்பரத்திற்காகவே காணாமற்போனதாக நடித்தனர் என்ற பழிச்சொல் எழுந்தது. விசாரணைக் குழு ஆராய்ந்து அவர்களைக் குற்றமற்றவர் எனத் தெளிவித்தது. பழி நீங்கினாலும் நண்பர் மீளவில்லை.

விமான நிறுவனமும் அதன் வீழ்ச்சியும்

1930 சனவரியில் ஸ்மித்தும் உல்மும் நிறுவிய ஆஸ்திரேலியன் நேஷனல் ஏர்வேஸ், சிட்னிக்கும் பிரிஸ்பேனுக்கும் இடையே நாள்தோறும் பயணியர் சேவையைத் தொடங்கியது. பின்னர் மெல்போர்னுக்கும் விரிந்தது. புகழ்பெற்ற விமானியே நிறுவனத்தை நடத்துகிறார் என்னும் நம்பிக்கையில் மக்கள் ஏறினர்.

1931 மார்ச்சு 21ஆம் நாள் சதர்ன் கிளவுட் என்னும் விமானம் எண்மருடன் சிட்னியிலிருந்து மெல்போர்னுக்குப் புறப்பட்டது. கடும் புயல் பற்றிய எச்சரிக்கை அது கிளம்பிய பின்னரே வந்தது. விமானத்தில் கம்பியில்லாத் தந்திக் கருவி இல்லாமையால் செய்தியைத் தெரிவிக்க வழியில்லை. ஸ்மித்தே வானில் பறந்து தேடினார், பயனில்லை. பசிபிக்கைக் கடந்தபோது அவரைக் காத்த கருவி, அவரை நம்பியவர்க்கு வாய்க்காமற் போனது. அவ்வாண்டிலேயே நிறுவனம் சேவையை நிறுத்தியது. 27 ஆண்டுகள் கழித்து, 1958இல், பனிமலைப் பகுதியில் தொழிலாளி ஒருவர் அவ்விமானத்தின் சிதைவுகளைக் கண்டார்.

தோழரின் தொண்டு

1932இல் சர் பட்டம் பெற்ற ஸ்மித், 1935 மே 15ஆம் நாள் சதர்ன் கிராஸில் நியூசிலாந்துக்கு அஞ்சல் சுமந்து புறப்பட்டார். உடன் பி. ஜி. டெய்லரும் ஜான் ஸ்டானேஜும் இருந்தனர். நடுக்கடலில் புகைக்குழாயின் ஒரு துண்டு உடைந்து வலப்புற இயந்திரத்தின் சுழல்விசிறியைத் தாக்கியது, அவ்வியந்திரம் நிறுத்தப்பட்டது. ஸ்மித் சிட்னி நோக்கித் திரும்பினார். சற்று நேரத்தில் இடப்புற இயந்திரத்தில் மசகெண்ணெய் குறையத் தொடங்கியது. அது நின்றால் மூவரும் கடலில் வீழ்வது உறுதி.

டெய்லர் வெளியே வந்தார். இறக்கையைத் தாங்கும் கம்பத்தின் மேல், சூறைக்காற்றுக்கு நடுவே நகர்ந்து சென்று, நின்றுபோன இயந்திரத்தின் எண்ணெயைத் தெர்மாஸ் குடுவையில் வடித்தார். பின்பு மறுபுறம் சென்று இடப்புற இயந்திரத்தில் ஊற்றினார். ஒருமுறை அன்று, பலமுறை இவ்வாறு செய்தார். ஸ்மித்தின் கைகள் விமானத்தைத் தாழாமல் நிறுத்தின. டெய்லரின் கைகள் இயந்திரத்தை ஓடவைத்தன. மூவரும் உயிருடன் கரைசேர்ந்தனர்.

மறைவு

1935 நவம்பரில், இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு விரைந்து பறக்கும் முயற்சியில் ஸ்மித் நம் நாட்டின் அலகாபாத் நகருக்கு வந்து சேர்ந்தார். அங்கிருந்து துணைவர் டாமி பெத்திபிரிட்ஜுடன் லேடி சதர்ன் கிராஸ் விமானத்தில் சிங்கப்பூர் நோக்கிக் கிளம்பினார். நவம்பர் 8ஆம் நாள் விடியற்காலத்தில் பர்மாக் கரைக்கு அப்பால் விமானம் மறைந்தது. 1937இல் அதன் சக்கரக்கால் ஒன்று மட்டும் கடலில் கிடைத்தது. மனைவியும் சிறு மகனும் காத்திருந்த இல்லத்திற்கு அவர் திரும்பவேயில்லை.

இன்று சிட்னி விமான நிலையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பழைய 20 டாலர்த் தாளிலும் அவர் உருவம் இடம்பெற்றிருந்தது. அச்சிறப்புகள் அவர்க்கு உரியனவே. ஆயினும் அவர் வாழ்வை எண்ணும்போது, தேடச் சென்று நீரின்றி மாண்ட இருவரையும், நம்பி ஏறி மீளாத எண்மரையும், இறக்கையின் மேல் ஊர்ந்த தோழரையும் உடன் எண்ணுதல் வேண்டும். தன் உயிரைத் துச்சமென எண்ணுதல் வீரம். தன்னை நம்பிய உயிர்களைக் கண்போற் காத்தல் அதனினும் அரிய கடமை. இவ்விரண்டிற்கும் இடையிலான தொலைவைத் தம் வாழ்நாளிலேயே உணர நேர்ந்தவர் கிங்ஸ்போர்டு ஸ்மித்.