ஏடு தேடிய பெருமகன்

பொருள்களைத் தேடிச் சேர்த்து வைத்தல் மக்களுக்கு இயல்பாய் அமைந்த விருப்பங்களுள் ஒன்று. சிறுபிள்ளைகள் குன்றிமணியும் சோகியும் சேர்ப்பர்; சற்று வளர்ந்தோர் தபால் முத்திரையும் பழங்காசும் சேர்ப்பர். ஐக்கிய அமெரிக்காவிலே பேஸ்பால் என்னும் பந்தாட்டத்திற் புகழ்பெற்றோரின் படம் பொறித்த பழைய அட்டைகளைத் தேடித் திரிவோர் பலர் உளர். 1909ஆம் ஆண்டு முதல் 1911ஆம் ஆண்டு வரை சிகரெட்டுப் பெட்டிகளுள் வைத்து இலவசமாக வழங்கப்பெற்ற அத்தகைய அட்டைகளுள் ஒன்று, ஹோனஸ் வாக்னர் என்னும் ஆட்டக்காரருடையது, 2022ஆம் ஆண்டிலே 72 இலட்சத்து 50 ஆயிரம் டொலருக்கு விலைபோயிற்று. கடதாசித் துண்டொன்றுக்கு இத்துணை விலை ஏன் என்று வினவின், அத்தகையன மிகச் சிலவே உலகில் எஞ்சியுள்ளன என்பதே விடை.

இவ்வாறு சேர்ப்போரின் உள்ளத்தை ஆராய்ந்தால் மூன்று காரணங்கள் புலனாகும். இளமையிற் கண்டதை முதுமையிலும் கைக்கொள்ள விரும்புதல் ஒன்று. தொகுதியொன்றில் ஓர் உறுப்பேனும் குறையாது நிறைவு காண விழைதல் மற்றொன்று. பிறரிடம் இல்லாதது தம்மிடம் இருத்தலால் எய்தும் பெருமிதம் பிறிதொன்று. இச்செய்திகளைப் பத்திரிகையிற் படித்த என் மாணவர் சிலர், நம் நாட்டிலும் இத்தகையோர் இருந்தனரோ என்று வினவினர். நமது கோப்பாயிலிருந்து வடக்கே, நீர்வேலியைக் கடந்ததும் வரும் சிறுப்பிட்டியிலே பிறந்த ஒருவர் இருந்தார் என்றேன். அவர்தாம் இராவ்பகதூர் சி. வை. தாமோதரம்பிள்ளை. அவர் எதனைச் சேர்த்தார், எதன்பொருட்டுச் சேர்த்தார் என்பதை அறிவதே அவர்தம் வாழ்க்கையை அறிவதாகும்.

பிள்ளையவர்கள் 1832ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 12ஆம் திகதி வைரவநாதபிள்ளைக்கும் பெருந்தேவி அம்மையாருக்கும் மகவாகத் தோன்றினார். தந்தையார் ஆசிரியர். சுன்னாகம் முத்துக்குமார கவிராயரிடம் தமிழ் இலக்கண இலக்கியங்களைப் பாடங் கேட்டார். வட்டுக்கோட்டைச் செமினரியிலே ஆங்கிலமும் கணிதமும் பிற கலைகளும் பயின்றார். 1852ஆம் ஆண்டிலே, இருபது வயதளவில், கோப்பாய்ப் போதனா வித்தியாசாலையில் ஆசிரியரானார். பிற்காலத்திற் பெருமரமாய் வளர்ந்த அவர்தம் தமிழ்ப்பணி வித்தாய் இருந்த காலம் அது. 1854ஆம் ஆண்டிலே நீதிநெறி விளக்கத்தை உரையுடன் அச்சிட்டு வெளியிட்டார். இருபத்திரண்டு வயது நிரம்பாத இளைஞர் ஒருவர் தம் பெயரால் நூலொன்றைப் பதிப்பித்தல் அக்காலத்தில் எளிய செயலன்று.

யாழ்ப்பாணத்திற் பணியாற்றிப் பின்பு சென்னை சென்ற பேர்சிவல் பாதிரியார் இவரது திறமையை அறிந்தவர். அவர் அழைப்பை ஏற்றுச் சென்னை சென்ற பிள்ளையவர்கள் தினவர்த்தமானி என்னும் பத்திரிகையின் ஆசிரியராய் விளங்கினார். 1857ஆம் ஆண்டிலே சென்னைச் சர்வகலாசாலை நிறுவப்பெற்றது. அதன் முதற் பட்டதாரிகளாய்த் தேறியோர் இருவர்: ஒருவர் தாமோதரம்பிள்ளை, மற்றவர் அவருக்கு ஆசிரியராயிருந்த கறல் விசுவநாதபிள்ளை. இருவரும் யாழ்ப்பாணத்தவர் என்பது நாம் மகிழ்தற்குரியது. பின்னர்க் கள்ளிக்கோட்டையில் ஆசிரியப் பணியும், சென்னையில் அரசாங்க வரவுசெலவுக் கணக்குச் சாலையில் உயர்பதவியும் வகித்தார். 1871ஆம் ஆண்டில் சட்டப் பரீட்சையிலும் தேறினார். 1882ஆம் ஆண்டில் அரசாங்க சேவையிலிருந்து ஓய்வு பெற்றுக் கும்பகோணத்திலே நியாயவாதியாகத் தொழில் நடத்தினார். 1887 முதல் 1890 வரை புதுக்கோட்டைச் சமத்தானத்தின் உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாய் அமர்ந்தார்.

இத்துணைப் பதவிகளும் ஒருவருக்கு வாய்த்தால், அவற்றைக் கொண்டே அவரை உலகம் நினைக்கும். ஆயின் பிள்ளையவர்களை நாம் நினைப்பது அவற்றால் அன்று. கணக்குப் புத்தகங்களையும் வழக்குக் கட்டுகளையும் புரட்டிய கை, பொழுது கிடைத்தபோதெல்லாம் மற்றொரு கட்டை அவிழ்த்தது. அஃது ஓலைச் சுவடிக் கட்டு.

சுவடியின் இயல்பை இக்கால மாணவர் அறிதல் அரிது. பதப்படுத்திய பனையோலையில் எழுத்தாணியாற் கீறி, மை பூசித் துடைத்து, துளையிட்டுக் கயிறு கோத்து, இருபுறமும் சட்டம் வைத்துக் கட்டுவர். நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் ஓர் ஏடு இருநூறு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தல் அரிது. இராமபாணப் பூச்சி துளைக்கும், செல் அரிக்கும், ஓரம் உதிரும். ஆதலின் தலைமுறைதோறும் எவரேனும் ஒருவர் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதி வைத்தாலன்றி நூல் வாழாது. படிப்போர் அருகிய நூலை எழுதுவோரும் இலர். எழுதுவோர் ஒழிந்தால் ஓர் ஏடு முரியும்போது ஒரு நூலே முடிந்துவிடும். பயன் அறியாதார் வீடுகளிலே கிடந்த சுவடிகள் ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடப்பட்டதும் உண்டு. அடுப்பில் எரிந்ததும் உண்டு.

இந்நிலையைக் கண்டு நெஞ்சு நொந்தவர் பிள்ளையவர்கள். தாம் எடுத்த ஏடுகள் அவிழ்க்கும்போதே ஒடிவதையும், புரட்டும்போதே உதிர்வதையும், பிரதி செய்து முடிப்பதற்குள் எழுத்து மறைவதையும் தம் பதிப்புரைகளிலே உருக்கமாக எடுத்துரைத்துள்ளார். இப்பணியில் அவருக்கு வழிகாட்டியவர் நல்லூர் ஆறுமுக நாவலர். நாவலர் பரிசோதித்துக் கொடுக்க, தொல்காப்பியம் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு 1868ஆம் ஆண்டிலே பிள்ளையவர்கள் வெளியிட்டார். 1879ஆம் ஆண்டில் நாவலர் மறைந்தார். அதன்பின் அச்சுமையைத் தாமே தாங்கினார்.

அவர்தம் பதிப்புகளின் வரிசையை நோக்குக. 1881ஆம் ஆண்டில் வீரசோழியம்; 1883ஆம் ஆண்டில் இறையனார் அகப்பொருளும் தணிகைப் புராணமும்; 1885ஆம் ஆண்டில் தொல்காப்பியப் பொருளதிகாரம்; 1887ஆம் ஆண்டில் கலித்தொகை; 1889ஆம் ஆண்டில் இலக்கண விளக்கமும் சூளாமணியும்; 1891ஆம், 1892ஆம் ஆண்டுகளில் எழுத்ததிகாரமும் சொல்லதிகாரமும் நச்சினார்க்கினியர் உரையோடு. எட்டுத்தொகை நூல்களுள் முதன்முதல் அச்சேறியது கலித்தொகையே. இவற்றுள் வீரசோழியம் பௌத்தர் இயற்றிய இலக்கணம். சூளாமணி சைன காவியம். தணிகைப் புராணம் சைவ நூல். பிள்ளையவர்கள் சைவப் பற்று மிக்கவர். எனினும் ஏடு தேடும்போது சமயம் பார்த்திலர். அழியும் நிலையில் உள்ளதா என்பதையே பார்த்தார்.

ஏட்டைப் பெறுதலினும் அரிது அதனைப் படித்தல். ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. குற்றெழுத்தையும் நெட்டெழுத்தையும் வேறுபடுத்தும் குறி எகர ஒகரங்களுக்கு இராது. காலும் ரகரமும் ஒரே வடிவின. ஆகவே ‘கொ’ என்னும் வடிவம் ஓரிடத்தில் கொ, ஓரிடத்தில் கோ, பிறிதோரிடத்தில் கெர அல்லது கேர. செய்யுள் எங்கே முடிந்தது, உரை எங்கே தொடங்கிற்று என்பதற்கும் அடையாளம் இல்லை. ஒரு பிரதியில் உதிர்ந்த பகுதியை மற்றொரு பிரதியிற் காண வேண்டும். இரண்டிலும் பாடம் மாறுபட்டால் மூன்றாவதைத் தேட வேண்டும். இதனாலேயே ஒரே நூலுக்குப் பல ஏடுகளை அவர் சேர்த்தார். மடங்களிலும் வித்துவான்கள் வீடுகளிலும் கேட்டார். யாழ்ப்பாணத்து நண்பர்களுக்கு எழுதிக் கேட்டார். கைப்பொருளைச் செலவிட்டுப் பிரதி செய்வித்தார். ஏழாலையில் அவர் நிறுவிய பாடசாலையில் ஆசிரியராயிருந்த சுன்னாகம் குமாரசுவாமிப் புலவர் இப்பணியில் அவருக்குத் துணைபுரிந்தார்.

சேர்ப்போர் இருவர் ஒரு பொருளை நாடுமிடத்துப் போட்டி எழுதல் இயல்பு. கும்பகோணத்தில் இருந்த காலத்தில் பிள்ளையவர்கள், அங்குக் கல்லூரியில் தமிழ்ப் போதகாசிரியராய் விளங்கிய உ. வே. சாமிநாதையரோடு பழகினார். சீவகசிந்தாமணியைத் தாமே பதிப்பிக்க விரும்பி, அதன் பிரதியைத் தருமாறு ஐயரைக் கேட்டார். ஐயருக்கும் அந்நூல் உயிர்போன்றது. ஈற்றில் அஃது ஐயர் பதிப்பாகவே 1887ஆம் ஆண்டில் வெளிவந்தது. கலித்தொகை வெளிவந்ததும் அவ்வாண்டே. ஐயர் தம் சரித்திரத்தில் இதனை விரிவாக எழுதியுள்ளமையால், சிலர் பிள்ளையவர்களைக் குறைவாகப் பேசுதலைக் கேட்டிருக்கிறேன். நான் அவ்வாறு கருதேன். விலையுயர்ந்த அட்டையை விரும்பும் இருவருள் ஒருவர் பெற்றால் மற்றவர் இழப்பர். இங்கோ, யார் பதிப்பித்தாலும் தமிழுலகம் பெற்றது. ஓராண்டிலே இரு பெருநூல்கள் கிடைத்தமைக்கு அவ்விருவர்தம் ஆர்வமும் காரணம்.

பிள்ளையவர்களின் பதிப்புகளிற் குறைகளும் உள. பொருளதிகாரம் முழுமைக்கும் உள்ள உரை நச்சினார்க்கினியருடையது எனக் கொண்டு 1885ஆம் ஆண்டில் அச்சிட்டார். மெய்ப்பாட்டியல், உவமவியல், செய்யுளியல், மரபியல் என்னும் இறுதி நான்கு இயல்களின் உரை பேராசிரியருடையது என்பதைப் பின்னர் ரா. இராகவையங்கார் ஆராய்ந்து நாட்டினார். இதனை நான் மாணவர்க்கு மறையாது கூறுவதுண்டு. ஏனெனில் பதிப்பின் பெருமை இவ்விடத்தேதான் விளங்குகின்றது. கட்டி வைத்த ஏட்டிலுள்ள பிழை ஒருவர் கண்ணுக்கும் படாது, ஏட்டோடு அழியும். அச்சேறிய பிழையோ ஆயிரம் பேர் கண்ணிற் பட்டு, அவர்களுள் ஒருவராற் களையப்படும். பேராசிரியரை நாம் அடையாளங் கண்டது, அவ்வுரை நம் கைக்கு வந்தமையாலன்றோ? பிழை நேருமென்று அஞ்சி அவர் காத்திருந்தால், திருத்துதற்கு நூலே எஞ்சியிராது.

இனி, முதலிற் கூறிய ஒப்புமைக்கு வருவோம். அட்டை சேர்ப்பவருக்கும் ஏடு சேர்த்தவருக்கும் பொதுவானவை பல. மூலை மடியாத அட்டையை அவர் விரும்புவதுபோல, இதழ் முரியாத ஏட்டை இவர் விரும்பினார். தொகுதி நிறைய வேண்டுமென அவர் ஏங்குவதுபோல, தொல்காப்பியத்தின் மூன்றதிகாரமும் உரையுடன் நிறைய வேண்டுமென இவர் ஏங்கினார். இளமையிற் கற்ற தமிழின் மேலுள்ள காதல் இவரை முதுமை வரை செலுத்திற்று. ஆயின் ஒன்றிற் பெருவேறுபாடு உண்டு. அட்டையின் மதிப்பு அதன் அருமையில் உள்ளது. அவ்வட்டை போல் ஆயிரம் கிடைப்பின் அதனை எவரும் தேடார். பிள்ளையவர்களோ அருமையை ஒழித்தற்கே அரிய பொருளைத் தேடினார். எவரிடமும் இல்லாத பொருளதிகாரத்தைப் பெற்றவர், அஃது எல்லாரிடமும் இருக்கும்படி செய்தார். தாம் சேர்த்த பொருளை எளிதிற் கிடைப்பதாக்கியமையே அவர் பெற்ற ஊதியம்.

1895ஆம் ஆண்டில் அரசாங்கம் அவருக்கு இராவ்பகதூர் என்னும் பட்டம் அளித்தது. 1901ஆம் ஆண்டு சனவரி மாதம் முதலாந் திகதி, சென்னைப் புரசைவாக்கத்தில் அவர் இறைவனடி சேர்ந்தார்.

அவர் செயலின் அருமையைப் பிற்கால நிகழ்ச்சியொன்று நமக்கு நன்கு உணர்த்திற்று. 1981ஆம் ஆண்டு யூன் மாதத் தொடக்கத்திலே யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையாயிற்று. ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. அவற்றோடு ஓலைச் சுவடிகளும் எரிந்தன. அச்சு நூல்கள் பலவற்றுக்கு வேறு பிரதிகள் பிற நாடுகளில் இருந்தன. கலித்தொகை எரிந்தாலும் கலித்தொகை அழிந்திலது. வேறு பிரதி இல்லாத சுவடிகள் எவையேனும் அங்கு இருந்திருப்பின் அவை மீளா. 1995ஆம் ஆண்டிலே வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் ஊர் விட்டுப் பெயர்ந்தபோது, கையிற் கொண்டு செல்ல இயலாத பொருள்களோடு எத்தனை வீடுகளிற் சுவடிகளும் கிடந்து மடிந்தன என்பதைக் கணக்கிட்டார் இலர். இவ்விழப்புகளை எண்ணுந்தோறும், ஒன்றைப் பலவாக்கிய பிள்ளையவர்களின் அறிவு எத்துணைத் தொலைநோக்குடையது என்பது புலனாகின்றது.

எஞ்சியன இன்றும் உள. வைத்தியம், சோதிடம், அம்மானை, ஊஞ்சற்பாட்டு எனப் பலவகை ஏடுகள் நம்மவர் வீட்டுப் பெட்டகங்களில் இன்னும் கிடக்கின்றன. பாட்டனார் வைத்த பொருள் என்று பூசையறையில் வைத்துப் பூச்சூட்டி வணங்குவாரும் உளர். அவ்வன்பு பாராட்டற்குரியதே. ஆயினும் வணங்கப்பெறும் ஏட்டையும் பூச்சி அரிக்கும். இக்காலத்தில் ஏட்டை வீட்டை விட்டு அகற்றாமலே அதன் ஒவ்வோர் இதழையும் படம் பிடித்து வைக்கலாம். நூலக நிறுவனத்தார் இப்பணியை ஈழத்தில் ஆற்றி வருகின்றனர். ஆசிரிய நண்பர்கள் தத்தம் ஊரில் இரண்டு வீடுகளையேனும் வினவி அறிதல் நலம். மாணவர்கள் ஏட்டெழுத்தைப் படிக்கப் பழகுதல் அதனினும் நலம். படிக்க வல்லார் ஒருவர் உள்ளவரையிலேதான் ஏடு நூலாகும். அவரும் இலராயின் அது வெறும் பனையோலை.