ரெயில் ஓடுவதைக் காணாத சிற்பி

பெல்ஜியம் நாட்டின் தலைநகரம் பிரஸ்ஸல்ஸ். அதன் நடுவே பெரிய ரெயில் நிலையம் ஒன்று இருக்கிறது. மேலே கட்டிடம், பூமிக்கு அடியில் ரெயில்! அதற்குத் திட்டம் தீட்டியவர், விக்டர் ஹோர்ட்டா. ஆனால் அங்கே ஒரு ரெயில்கூட வந்து நின்றதை அவர் பார்க்கவில்லை.

செருப்புத் தொழிலாளி மகன்

ஹோர்ட்டா 1861-ம் ஆண்டு கெண்ட் நகரில் பிறந்தார். தந்தை செருப்பு தைப்பதில் கைதேர்ந்தவர். 12 வயதில் உறவினர் ஒருவருக்கு உதவியாகக் கட்டிட வேலைக்குப் போனான் சிறுவன் ஹோர்ட்டா. அன்றே அந்தத் தொழில் மீது ஆசை பிறந்துவிட்டது.

பாரிஸ் சென்றார். 1880-ல் தந்தை இறக்கவே ஊர் திரும்பினார். பிறகு பிரஸ்ஸல்சில், அரசரின் கட்டிடக் கலைஞர் பாலாட்டிடம் வேலைக்குச் சேர்ந்தார்.

அக்காலத்தில் இரும்பு என்றால் பாலம் போன்றவை கட்டத்தான். வீட்டில் வைத்தாலும் மூடி மறைப்பார்கள். ஹோர்ட்டா மறைக்கவில்லை. 1893-ல் டாசெல் என்ற பேராசிரியருக்கு வீடு கட்டினார். அங்கே இரும்பு கொடியாகப் படர்ந்தது. மாடிப்படியில் சுருண்டு வளைந்தது. கூரைக் கண்ணாடி வழியே வெளிச்சம் கொட்டியது! அவர் கட்டிய நான்கு வீடுகளை 2000-ம் ஆண்டில் "யுனெஸ்கோ" உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

தொழிலாளர் கட்சிக்காக அவர் கட்டிய "மக்கள் மாளிகை"க்கு அந்தப் பாக்கியம் இல்லை. 1965-ல் இடித்துத் தள்ளிவிட்டார்கள். பாவம்!

குறுக்கிட்ட போர்கள்

பிரஸ்ஸல்சுக்கு வடக்கே ஒரு ரெயில் நிலையம், தெற்கே ஒன்று. இரண்டும் தனித்தனி. வடக்கே இறங்கியவர் தெற்கே ரெயில் ஏற வேண்டுமானால், ஊரைக் கடந்து போக வேண்டும். இரண்டையும் சுரங்கப் பாதையால் இணைத்து, நடுவில் ஒரு நிலையம் கட்டுவது என்று முடிவாயிற்று. நிலையம் கட்டும் பொறுப்பு ஹோர்ட்டாவிடம் வந்தது.

1911-ல் இணைப்புப் பாதை வேலை தொடங்கியது. வீடுகள் இடிந்தன, தெருக்கள் மறைந்தன. 1914-ல் உலகப்போர் மூண்டது. வேலை நின்றது. ஹோர்ட்டா லண்டன் போய், அங்கிருந்து அமெரிக்கா சென்றார். 1919-ல் திரும்பினார். இடித்த இடம் அப்படியே கிடந்தது!

1935-ல்தான் மறுபடி வேலை ஆரம்பித்தது. அப்போது அவருக்கு வயது 74. பழைய வளைவு நெளிவு எல்லாம் போய், நேர்கோடுகளில் கனத்த கட்டிடமாகத் திட்டமிட்டார். 1940-ல் மீண்டும் போர்! வேலை மீண்டும் முடங்கியது. 1945-ல், தம்மிடம் இருந்த வரைபடங்கள், காகிதங்களில் பெரும்பகுதியைத் தாமே அழித்துவிட்டார் ஹோர்ட்டா.

1947-ம் ஆண்டு செப்டம்பர் 8-ந் தேதி, 86-வது வயதில் அவர் காலமானார். பாக்கி வேலையைப் புருன்போ என்ற கட்டிடக் கலைஞர் முடித்தார். 1952-ம் ஆண்டு அக்டோபர் 4-ந் தேதி, இளம் மன்னர் போதுவான் புதிய பாதையைத் திறந்து வைத்தார். வடக்கே புறப்பட்ட ரெயில், சுரங்கத்தில் நுழைந்து, தெற்கே போய்ச் சேர்ந்தது.