ஜூலியா மார்கரெட் காமெரன் அம்மையார்

திண்டுக்கல் கடலில்லாத ஊர். மலைக்கோட்டைப் பாறையின் உச்சியில் நின்று நாற்றிசையும் நோக்கினால், சிறுமலையும் கோடைமலைத் தொடரும், அவற்றிடையே புன்செய் நிலமும் பனைமரங்களும் கவலைக் கிணறுகளுமே கண்ணுக்குப் புலப்படும். அங்ஙனமிருக்க, வாழ்நாளின் பிற்பகுதியை இரண்டு கடற்கரைகளிற் கழித்த ஓர் ஆங்கில மாதின் சரிதத்தை நாம் எழுதப் புகுந்தது ஏனென்று வினவுவார் இருக்கலாம். அதன் காரணத்தை உரிய இடத்திற் கூறுவோம்.

ஜூலியா மார்கரெட் 1815ஆம் ஆண்டு ஜூன் மாதம் 11ஆம் நாள் கல்கத்தாவிற் பிறந்தார். தந்தையார் கிழக்கிந்தியக் கம்பெனியின் உத்தியோகஸ்தர். தாயார் பிரெஞ்சுப் பிரபு வமிசத்தினர். இளமையிற் கல்வி பயின்றது பிரான்ஸ் தேசத்தில். 1836இல் நோயுற்றுத் தேகசுகத்தின் பொருட்டு நன்னம்பிக்கை முனையிலே தங்கியிருந்தபோது, அவர் வாழ்வின் போக்கையே மாற்றிய இருவரைச் சந்தித்தார். ஒருவர் வான நூற் புலவராகிய ஸர் ஜான் ஹெர்ஷல். நிழற்படம் மங்கிப்போகாமல் நிலைநிற்பதற்கு ஹைப்போ என்னும் உப்பு உதவும் என்று கண்டவர் அவரே. மற்றவர் சார்ல்ஸ் ஹே காமெரன் என்னும் சட்ட நிபுணர். அம்மையாரினும் இருபது வயது மூத்தவரான இவரை அவர் 1838இல் கல்கத்தாவில் மணந்துகொண்டார். காமெரன் என்ற பெயருக்கும் காமிராவுக்கும் யாதொரு தொடர்புமில்லை, ஒலியொப்புமை தற்செயலே.

கணவரைப்பற்றிச் சிறிது கூறாமல் மேற்செல்லுதல் தகாது. இலங்கையின் ஆட்சிமுறையை ஆராய்ந்து, 1833இல் நிகழ்ந்த சீர்திருத்தங்களுக்கு வழிகோலிய கோல்புரூக்-காமெரன் ஆணைக்குழுவில் இரண்டாம் பெயருக்கு உரியவர் அவரே. இராஜகாரியம் என்னும் கட்டாய ஊழியம் அக்காலத்தில் ஒழிக்கப்பட்டது. அதன்பின் மலைநாட்டிற் காப்பித் தோட்டங்கள் பெருகின. ஆனால் கண்டிப் பகுதிக் குடியானவர் அங்கே கூலிவேலைக்குச் செல்ல விரும்பினாரில்லை. ஆகவே தோட்டத் துரைமார் தமிழ்நாட்டை நோக்கினர். காமெரன் தாமும் அத்தீவில் விரிந்த காப்பி நிலங்களை வாங்கினார். அந்நாட்டின்மேல் அவருக்கிருந்த பற்று இறுதிவரை நீங்கவில்லை.

1848இல் குடும்பம் இங்கிலாந்து சேர்ந்தது. 1860இல் வைட் தீவின் மேல்கோடியிலுள்ள பிரெஷ்வாட்டர் என்னும் கடற்கரைச் சிற்றூரில், டென்னிசன் கவிஞரின் இல்லத்திற்கு அருகே வீடு வாங்கிக் குடியேறினர். அவ்வீட்டுக்கு இட்ட பெயர், அவர்களுடைய இலங்கைத் தோட்டத்தின் பெயராகிய டிம்போலா.

1863ஆம் ஆண்டின் இறுதியில், தனிமையிற் பொழுதுபோக்காக இருக்கட்டும் என்று மகளும் மருமகனும் ஒரு காமிராவைப் பரிசளித்தனர். அம்மையாருக்கு அப்போது வயது 48. பேரன் பேத்திகளைக் கொஞ்சும் பருவத்தில் ஒரு புதிய கலையை அரிச்சுவடியிலிருந்து கற்கத் தொடங்கினார். கரி போட்டு வைக்கும் அறை இருட்டறையாயிற்று. கோழிக்கூடு கண்ணாடி மாளிகையாயிற்று. 1864 ஜனவரியில் ஆனி என்னும் சிறுமியின் படம் செவ்வையாக விழுந்தபோது அவர் கொண்ட மகிழ்ச்சிக்கு அளவில்லை.

கைபேசியை எடுத்து நொடிக்கொரு படம் பிடிக்கும் நம் மாணவர்கள் அக்காலத்துப் பாட்டைச் சற்றே அறிதல் நலம். பெரிய கண்ணாடித் தகட்டின்மேல் கொலோடியன் என்னும் பிசின்போன்ற திரவத்தை ஊற்றிச் சீராகப் பரப்பவேண்டும். பின்னர் இருட்டிலே வெள்ளிநீரில் தோய்த்து, ஈரம் புலருமுன் காமிராவிற் பொருத்திப் படமெடுத்து, உடனே இருட்டறைக்கு ஓடி உருவத்தைத் துலக்கவேண்டும். எதிரே அமர்ந்தவர் நிமிஷக்கணக்கில் அசையாதிருத்தல் அவசியம். வெள்ளி உப்பின் கறை அம்மையாரின் விரல்களையும் ஆடையையும் விட்டு நீங்கியதே இல்லை. அவர் படங்களில் விரற்பதிவும் கீறலும் காணப்படும். உருவத்தின் விளிம்புகள் மூடுபனியிற்போலக் கரைந்து நிற்கும். தொழில் தெரியாதவர் என்று சங்கத்தார் இகழ்ந்தனர். அவர்களுக்கு மயிரிழையும் தெளிவாகத் தெரியவேண்டும். அம்மையாருக்கோ முகத்தின் உட்பொருள் தெரியவேண்டும். சங்கத்தார் முற்றிலும் பிழைபட்டனர் என்று நாம் சொல்லோம். சில படங்கள் உண்மையிலேயே சிதைந்தவைதாம். ஆயினும் தென் கென்சிங்டன் பொருட்காட்சிச்சாலை 1865லேயே அவருடைய படங்களை விலைக்கு வாங்கி வைத்தது.

கடற்காற்று வாங்க வந்த பெரியோர் எவரும் அவர் காமிராவுக்குத் தப்பியதில்லை. டார்வின் 1868 கோடையில் அவ்வூரில் தங்கியபோது அகப்பட்டார். டென்னிசன் பன்முறை அகப்பட்டார். முதுமையெய்திய ஹெர்ஷலை அவருடைய இல்லத்திற்கே சென்று, வெண்முடியைக் கழுவிக் கலைத்துவிடச் செய்து, 1867இல் எடுத்த படம் இன்றும் உலகம் போற்றுவது. ஆனால் நம் நெஞ்சைக் கவர்வது வேறொன்று. வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியர் அவர் கையில் கன்னி மரியாள் ஆனாள். அண்டையூர்க் கப்பற்றுறையிற் சுமைதூக்கிய ஒருவர், டென்னிசனின் காவியத்துக்கு எடுத்த படங்களில், ஆர்தர் மன்னராக வீற்றிருந்தார். வீதியிற் செல்வோரை வழிமறித்து அழைத்துவந்து அமர்த்துவது அம்மையாரின் வழக்கம். பேரறிஞர்மேல் விழுந்த அதே ஒளி, அதே நெருக்கத்தில், வேலைக்காரர்மேலும் விழுந்தது.

இதற்கிடையே 1869இல் இலங்கைக் காப்பிச் செடிகளில் இலைநோய் கண்டு, ஆண்டுக்காண்டு பரவிற்று. குடும்பத்தின் செல்வம் குன்றியது. பல ஆண்டுகளாகத் தோட்டத்து வாயிலைக் கடவாதிருந்த முதியவர் சார்ல்ஸ், ஒருநாள் மைந்தனின் மேலங்கியை வாங்கி அணிந்துகொண்டு கடற்கரைவரை நடந்து சென்றார் என்றும், அங்கேயே இலங்கைப் பயணம் முடிவாயிற்று என்றும் அவர் சுற்றத்தார் ஒரு கதை வழங்கிவந்தனர். 1875 அக்டோபரில், தம் சவப்பெட்டிகளையும் உடன்கொண்டு, தம்பதிகள் கப்பலேறினர்.

அதே 1875இல்தான் திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்கு இருப்புப்பாதை திண்டுக்கல் வழியாகத் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு தாது வருஷப் பஞ்சம். மழை பொய்த்து, கிணறு வற்றி, மதுரை ஜில்லாவின் சமவெளி கரிந்தது. கங்காணிமாரின் பின்னே கூட்டங்கூட்டமாக நம் மக்கள் கண்டிச் சீமைக்குப் புறப்பட்டனர். இராமநாதபுரக் கரையிற் படகேறி மன்னார் சேர்ந்து, அங்கிருந்து காட்டு வழியே மாத்தளைக்குக் கால்நடையாகச் சென்ற அவர்களுள் பலர் வழியிலேயே மாண்டனர். கடலையே கண்டிராத நம் ஊரார் பலர் முதன்முதல் அதைக் கண்டது இவ்வண்ணமே. காமெரன் அம்மையாரின் சரிதம் நமக்கு அயலதன்று என்பதற்கு இதுவே காரணம்.

இலங்கையின் தென்மேற்குக் கரையில், களுத்துறையிலே, அரசாங்க உத்தியோகத்திலிருந்த ஒரு மைந்தரின் வீட்டில் அம்மையார் வசித்தார். வெப்பத்திற் கொலோடியன் விரைந்து உலரும். பிரபலஸ்தர் யாரும் அருகில் இல்லை. எனவே வீட்டுப் பணியாளரையும் தோட்டத் தொழிலாளரையும், தமிழரும் சிங்களருமாக, எதிரில் அமர்த்தினார். மலர்களை ஓவியமாகத் தீட்டி உலகஞ்சுற்றிய மரியான் நார்த் என்னும் மாது அங்கு விருந்தினராக வந்தார். அவரைக் காஷ்மீர்ச் சால்வை போர்த்தித் தென்னங்கீற்றுகளின் முன் நிறுத்தி, வெயிலில் வாட்டியெடுத்துப் படம் பிடித்தார் அம்மையார். ஒருவனுடைய முதுகின் வடிவழகைக் கண்டு வியந்து, தோட்டமே இல்லாத வீட்டுக்கு அவனைத் தோட்டக்காரனாக நியமிக்கும்படி மைந்தரை வற்புறுத்தினாராம். நகைப்புக்கிடமான செய்திதான், எனினும் அதைப் படிக்கையில் நமக்குச் சிறிது மனக்குறையும் உண்டாகிறது. முதுகின் அழகு ஏட்டில் ஏறிற்று. அதற்குரியவன் பெயர் ஏறவில்லை.

1878இல் எடுத்த படமொன்று களுத்துறைக் குடியானவர் மூவரைக் காட்டுவது. அதிலுள்ள சிறுமிக்கு வயது 12 என்றும், உடன் நிற்கும் கிழவர் தாம் அவள் தந்தை என்றும் தம் வயது நூறு என்றும் சொல்வதாகவும் குறிப்பு இருக்கிறது. ஊரும் வயதும் உறவும் எழுதியவர் பெயரை வினவாது விட்டார். டார்வினின் படத்தில் டார்வின் என்றே காண்கிறோம். இருபதாண்டு முன்னர், 1858இல், காப்டன் டிரைப் மதுரைக் கோயில்களைப் படமெடுத்தபோது கற்றூண்களே விழுந்தன, மனிதர் அரிதாகவே விழுந்தனர். அதனோடு ஒப்பிட, அம்மையார் ஏழைகளின் கண்ணெதிரே காமிராவை நிறுத்தியதே பெரிது என்று நம் நண்பர் சிலர் வாதிப்பர். அதனை மறுக்கோம். ஆயினும் நம் சமவெளியிலிருந்து சென்ற குடும்பத்தார் ஒருவர் இன்று அப்படங்களைக் கண்டால், இது எம் பாட்டன், இது எம் பாட்டி என்று சொல்ல ஒரு வழியும் இல்லை.

வாழ்நாளில் அவர் எடுத்தவற்றுள் ஆயிரத்து இருநூறுக்கு மேற்பட்டவை அட்டவணைப்படுத்தப்பட்டுள்ளன. இலங்கையில் எடுத்தவற்றுள் எஞ்சியவையோ முப்பதுக்கும் குறைவே.

1879 ஜனவரி 26ஆம் நாள், டிக்கோயாப் பள்ளத்தாக்கிலுள்ள தோட்டத்து வீட்டில் அம்மையார் காலமானார். மறு ஆண்டு கணவரும் இறந்தார். பொகவந்தலாவையில் மரியாள் பெயரால் வழங்கும் சிற்றாலயத்தின் முற்றத்தில் இருவரும் அருகருகே அடக்கம் செய்யப்பெற்றிருக்கின்றனர். கல்லறையில் இருவர் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளன. காப்பி அழிந்த நிலமெங்கும் இப்போது தேயிலை. அதைக் கொய்வோரின் பேச்சு தமிழ்.