கலிவிக்கோடியும் மருத்துவர் ஜெர்டனும்

பகலில் புதரடியில் பதுங்கியிருந்து, இரவில் மட்டுமே வெளியே வரும் பறவை ஒன்று ஆந்திர மாநிலத்தில் உண்டு. பறக்கத் தெரிந்தும் தரையில் ஓடித் திரிவதையே அது பெரிதும் விரும்பும். மார்பிலே இரண்டு பட்டைகளும், இருளில் இரை தேடப் பெரிய கண்களும் உடையது. தெலுங்கு மக்கள் அதனைக் கலிவிக்கோடி என்பர். கோடி என்றால் கோழி. உலகமோ அதனை ஜெர்டன் என்பவரின் பெயரால் அறியும். அவருடைய வரலாற்றை நாம் இங்கே காண்போம்.

தாமஸ் ஜெர்டன் 1811-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். எடின்பரோவில் மருத்துவம் பயின்று, கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகச் சென்னை மாகாணத்துக்கு வந்தார். நெல்லூர், நீலகிரி, தலைச்சேரி எனச் சென்ற இடமெல்லாம் நோயாளிகளைக் கவனித்தார். ஓய்வு நேரத்தில் பறவைகளையும், எறும்புகளையும், பாம்புகளையும் ஆராய்ந்தார். இன்று போல் கேமராவோ, படங்கள் நிறைந்த கையேடுகளோ இல்லாத காலம் அது. ஆயினும் 1862 முதல் 1864 வரை இந்தியப் பறவைகளைப் பற்றிய பெருநூலை வெளியிட்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பறவையினங்கள் அதில் இடம்பெற்றன.

அவர் அளித்த பறவையைக் கொண்டே, 1848-இல் எட்வர்ட் பிளைத் என்ற அறிஞர் கலிவிக்கோடியைப் புதிய இனமென உலகுக்கு அறிவித்தார். அது பாறைகள் நிறைந்த மேடுபள்ளமான புதர்க்காட்டில் வாழ்வது என்று ஜெர்டன் எழுதி வைத்தார். 1872-இல் அவர் காலமானார். 1900-க்குப் பின் அப்பறவையை எந்த அறிஞரும் காணவில்லை. அழிந்தே போயிற்று என்று பலரும் எண்ணினர்.

ஆனால் 1986 ஜனவரியில் கடப்பா மாவட்டத்தில் ஓர் இரவு, உள்ளூர்க்காரர் ஒருவர் அதனை உயிருடன் பிடித்தார். பிடிபட்ட பறவை விரைவில் இறந்துவிட்டது. எனினும் அந்த இனம் அழியவில்லை என்பது உறுதியாயிற்று. இரவுப் பறவையைப் பகலில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? பின்னர் வந்த ஆராய்ச்சியாளர்கள் புதர்களுக்கிடையே மென்மையான மண்ணைப் பரப்பி, அதில் பதியும் காலடிகளைக் கொண்டு அதன் நடமாட்டத்தை அறிந்தனர்.

ஏட்டில் தொலைந்த பறவை, காட்டை அறிந்த மக்களின் கண்ணில் தொலையவில்லை. நோயாளிகளுக்கு மருந்து கொடுத்த கையாலேயே ஜெர்டன் எழுதிய குறிப்புகளும் வீண்போகவில்லை. இன்று அப்பறவை மிக மிக அரிதாகிவிட்டது. புதர்க்காடு வெறும் முட்காடுதானே என்று அதனை வெட்டிச் சாய்த்தால், மறுமுறை தேட அங்கே ஒன்றும் இராது. ஆகவே தோழியரே, நம் ஊரின் சிறு புதரையும் அன்போடு காப்போம். கண்டதைக் கவனமாகக் குறித்து வைப்போம்!